வரப்பில் புகையிலை நட வேண்டாம்: மரவள்ளித் தேமல் ஆய்வு பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலைகளில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுகள் விழும் மரவள்ளித் தேமல் என்ற வைரஸ் நோயைப் பற்றித் தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த செய்திக்கு, புகையிலைச் செடியில் நோய்க்கு விடை கிடைத்துவிட்டது என்ற பொருளில் தலைப்பு போட்டிருந்தீர்கள். புகையிலை இனச் செடி ஒன்றில் ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனையைச் சொன்ன அந்தச் செய்திக்குள் பெரிய பிழை எதுவும் இல்லை. தலைப்புதான் வினையாகிவிட்டது. வரப்பைச் சுற்றிப் புகையிலை நட்டால் தேமல் அதில் ஏறிக்கொண்டு குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) விட்டுவிடுமா என்று விவசாயிகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். விடாது. இந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈ புகையிலையிலும் நன்றாகப் பெருகும். அந்தப் பூச்சியை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்ததே 1889-இல், கிரீஸ் நாட்டுப் புகையிலைச் செடியிலிருந்துதான்.

ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது நம் ஊரில் பயிராகும் புகையிலையும் அல்ல. அதன் பெயர் நிக்கோட்டியானா பெந்தாமியானா. ஆய்வாளர்கள் சுருக்கமாகப் பெந்தாமியானா என்பார்கள். புகையிலைக் குடும்பத்தைச் சேர்ந்த, வட ஆஸ்திரேலியாவின் வறண்ட பாறைப் பகுதிகளில் முளைக்கும் சிறிய காட்டுச் செடி. 1837-இல் பீகிள் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலின் மருத்துவர் பெஞ்சமின் பைனோ ஆஸ்திரேலியாவின் வட கரையோரம் இதைச் சேகரித்தார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருப்பவை ஏறத்தாழ ஒரே வித்திலிருந்து வந்தவை. அந்த வித்து ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் கிரானைட்ஸ் தங்கச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்தது என்று 2015-இல் வெளியான மரபணு ஒப்பீடு காட்டியது.

எத்தனையோ செடிகள் இருக்க இதை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? எந்த வைரஸைக் கொடுத்தாலும் பெரும்பாலும் இது வாங்கிக்கொள்ளும். 500-க்கும் மேற்பட்ட தாவர வைரஸ்கள் இதில் பெருகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செடிகளுக்கு வைரஸை எதிர்க்க ஒரு வழி உண்டு. உள்ளே வந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வை இரட்டை இழையாக்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து மீதியையும் தேடி அழிப்பது. இரட்டை இழையாக்கும் வேலையில் ஆர்.டி.ஆர்.1 என்ற மரபணுவுக்குப் பங்குண்டு. ஆய்வுக்கூடப் பெந்தாமியானாவில் அந்த மரபணுவுக்குள் 72 டி.என்.ஏ. எழுத்துகள் கூடுதலாகச் செருகிக் கிடக்கின்றன. அதனால் அதிலிருந்து முழுப் புரதம் உருவாவதில்லை. 2004-இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் வேறொரு செடியின் நல்ல ஆர்.டி.ஆர்.1 மரபணுவை இதற்குள் வைத்துப் பார்த்தார்கள். புகையிலைத் தேமல் வைரஸுக்கும் அதன் இனத்தைச் சேர்ந்த சணப்பைத் தேமல் வைரஸுக்கும் எதிர்ப்பு கூடியது. வெள்ளரித் தேமல் வைரஸும் உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸும் எப்போதும்போலத் தொற்றின. ஆக, இந்த ஒரு குறை எல்லா வைரஸுக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று சொல்வதும் மிகை. ஆனால் எதிர்ப்பு குறைந்த செடி இது என்பதில் ஐயமில்லை. எங்கள் கடிதத்தின் மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

மரவள்ளித் தேமலுக்கு இந்தச் செடி செய்த உதவி சிறிதல்ல. ஆப்பிரிக்காவில் நோயுற்ற மரவள்ளியின் சாற்றிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்த பிறகும், நோய்க்குக் காரணம் அதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை மறுபடி மரவள்ளிக்கு ஏற்றி நோயை வரவழைத்துக் காட்ட முடியாததால், அதற்குப் பதுங்கு வைரஸ் என்ற பொருளில்தான் முதலில் பெயர் வைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் கென்யாவில் வைரஸைப் பெந்தாமியானாவில் பெருக்கி, அதிலிருந்து நோய் எளிதில் பற்றும் மரவள்ளி வகைக்குக் கொண்டுபோனார்கள். தேமல் வந்தது. பெயரும் மாறியது. 1983-இல் இங்கிலாந்தில் ஜான் ஸ்டான்லி, அந்த வைரஸின் இரண்டு டி.என்.ஏ. வளையங்களும் சேர்ந்தால்தான் தொற்று உண்டாகும் என்று காட்டியதும் இதே செடியில்தான்.

நம் பக்கத்து மரவள்ளியில் இருப்பவை இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்ற இரண்டு. இரண்டுக்குமே இரண்டிரண்டு வளையங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,700 எழுத்து நீளம். ஏ வளையத்தில் பெருகுவதற்கும் மேலுறைக்குமான மரபணுக்கள் இருக்கின்றன. பி வளையம் செடிக்குள் நகர்வதற்கு. எந்த மரபணுவை மாற்றினால் தேமல் குறைகிறது, எது வைரஸை இலைநரம்பு தாண்டவிடுகிறது போன்ற கேள்விகளுக்குக் குச்சிக்கிழங்கிலேயே விடை தேடினால் பல மாதம் ஆகும். கரணை (நடுவதற்காக வெட்டிய குச்சித் துண்டு) நட்டுத் தளிர்க்க வேண்டும், அந்தக் கரணையில் ஏற்கெனவே வைரஸ் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், அதன்பின் வைரஸை ஏற்றினாலும் பாதிச் செடிகளில் பிடிக்காது. பெந்தாமியானாவில் விதை தூவிய நாளிலிருந்து 7 வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் பலர் இப்போது இதைச் செய்கிறார்கள். செய்முறைத் தாளில் இல்லாத இடங்களில்தான் பலருக்கும் சறுக்குகிறது.

விதை தூசிபோல இருக்கும். மெல்லிய மணலில் கலந்து, ஈரமான தென்னைநார்க் கழிவும் வெர்மிகுலைட்டும் கலந்த தட்டில் மேலாகத் தூவ வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது. ஒரு வாரத்தில் முளைக்கும். இரண்டாம் வாரம் ஒரு தொட்டிக்கு ஒன்றாக மாற்றி நட்டு, 24 அல்லது 25 டிகிரியில், நாளுக்கு 16 மணி நேர வெளிச்சத்தில் வைத்தால் 4 வாரத்தில் உள்ளங்கை விரிப்பில் இலைகள் வரும். அதுதான் பருவம். மொட்டு தெரிந்த செடியை ஒதுக்கிவிடுங்கள். பூக்கத் தொடங்கிய செடியில் தொற்று சீராக வராது. தண்ணீரைத் தொட்டியில் தேங்கவிட்டால் நாற்றழுகலும் சிறு கருப்புக் கொசுக்களும் வந்துசேரும். அறைக் காற்று வழிகளுக்கு 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலையாவது வேண்டும். ஒரே ஒரு வெள்ளை ஈ உள்ளே வந்துவிட்டாலும், பின்னால் தெரிகிற தேமல் நீங்கள் ஏற்றியதா, ஈ கொண்டுவந்ததா என்று சொல்ல முடியாது.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எதையும் தொட்ட கையோடு இந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் பல ஆண்டு உயிர்ப்போடு கிடக்கும். கைவிரல் வழியாகப் பெந்தாமியானாவுக்கு வந்துவிட்டால் ஓரிரு வாரத்தில் செடி வாடிச் சாகும். சோப்புப் போட்டுக் கைகழுவுவதும், கத்தரிக்கோலை 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் நனைப்பதும் கட்டாயம்.

வைரஸை ஏற்றுவதற்கு இரண்டு வழி. பழைய வழி சாறு தேய்ப்பது. மரவள்ளி வைரஸ்கள் பெந்தாமியானாவுக்குச் சாறு வழியாகத் தொற்றும். வெள்ளை ஈ பரப்பும் வேறு பல வைரஸ்களுக்கு இந்த வசதி கிடையாது. தேமல் தெளிவாகத் தெரியும் இளந்தளிர் 1 கிராமுக்கு, ஐஸில் குளிர்ந்த 0.05 மோலார் பாஸ்பேட் கரைசல் (பி.எச். 7.2) 5 மில்லிலிட்டர் வீதம் ஊற்றிக் குளிர்ந்த கல்வத்தில் அரைக்க வேண்டும். முற்றிய இலையை எடுக்கக் கூடாது. அதன் துவர்ப்புப் பொருள்கள் அரைத்த சில நிமிடத்திலேயே சாற்றைப் பழுப்பாக்கிவிடும், வைரஸும் செயலிழக்கும். 0.1 சதவீதம் சோடியம் சல்பைட் சேர்ப்பது அதற்காகத்தான். இலை மேல் 600 மெஷ் கார்போரண்டம் என்ற உராய்வுத் தூளை மிக லேசாகத் தூவி, சாற்றில் நனைத்த விரலால் காம்பிலிருந்து நுனி நோக்கி ஒரு தடவை தேய்த்துவிட்டு, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அழுத்தித் தேய்த்தால் செல்கள் செத்துப்போகும். செத்த செல்லில் வைரஸ் பெருகாது. முந்தைய நாள் முழுவதும் செடியை இருட்டில் வைத்திருந்தால் தொற்று கூடும்.

ஆனால் சாற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வயலிலிருந்து வந்த இலையில் இரண்டு வைரஸும் கலந்திருக்கலாம். அதனால் இன்ன வைரஸ், இன்ன மாற்றம் என்று திட்டமாகச் சோதிக்கும்போது இரண்டாவது வழிக்குப் போகிறார்கள். வைரஸின் ஏ வளையத்தையும் பி வளையத்தையும் தனித்தனியே அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, அந்தப் பாக்டீரியாவை இலைக்குள் செலுத்துவது. வளையத்தில் நகலெடுப்பு தொடங்கும் பகுதி இரண்டு முறை வரும்படி நகலை அடுத்தடுத்து வைத்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் வைரஸின் புரதம் இரண்டு இடத்திலும் வெட்டி முழு வளையத்தை விடுவிக்கும்.

இந்த இரட்டைக் கட்டமைப்பில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒரே மாதிரியான இரு பகுதிகள் பக்கத்தில் இருப்பதால் பாக்டீரியா வளர வளர அவை தமக்குள் இணைந்து, ஒரு நகல் கழன்றுபோகும். பாக்டீரியாக் கல்ச்சர் நன்றாக வளரும், கானமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையும் தாங்கும். செடியில் மட்டும் நோய் வராது. போன மாதம் வேலை செய்தது இந்த மாதம் ஏன் செய்யவில்லை என்று தேடும்போது பலரும் கடைசியாகப் பார்க்கும் இடம் இது. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு முறையும் மைனஸ் 80 டிகிரியில் கிளிசராலில் உறையவைத்த ஸ்டாக்கிலிருந்து தொடங்குங்கள். வைரஸ் நகலைப் பாக்டீரியாவுக்குள் சுமக்கும் டி.என்.ஏ.வான பிளாஸ்மிடைப் பிரித்து வெட்டு நொதியால் வெட்டி, அளவு சரியா என்று பார்த்த பிறகே செடிக்குப் போங்கள்.

கல்ச்சரை 28 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்கி வளர்த்து, சுழற்றிப் படியவைத்து, 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்.இ.எஸ். (பி.எச். 5.6), 150 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் கொண்ட கரைசலில் கலக்க வேண்டும். அசிட்டோசிரிங்கோன் தண்ணீரில் எளிதில் கரையாது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த ஸ்டாக்கிலிருந்து அன்றன்றைக்குச் சேர்ப்பது நல்லது. 600 நானோமீட்டரில் ஓ.டி. (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.5 முதல் 1 வரை வைத்து, ஏ, பி இரண்டையும் சம அளவு கலந்து, 3 மணி நேரம் சும்மா வைத்துவிடுங்கள். பாக்டீரியாவின் தொற்று மரபணுக்கள் விழித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

செலுத்துவதற்கு ஊசி கழற்றிய 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு போதும். இலையின் அடிப்புறத்தில் சிரிஞ்சு வாயை வைத்து, மேலிருந்து விரலால் தாங்கிக்கொண்டு மெதுவாகத் தள்ள வேண்டும். நீர் ஊறிய இடம் கரும்பச்சையாகப் பரவுவது கண்ணுக்குத் தெரியும். தள்ளத் தள்ள ஏறாவிட்டால் இலைத்துளைகள் மூடியிருக்கின்றன என்று பொருள். செடிக்குத் தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துவிட்டு மறுபடி வாருங்கள். பலத்தால் ஏற்றினால் இலை கிழியும், கரைசல் திரும்பிக் கண்ணில் தெறிக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் மேலே வரும் புதிய இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிடும். செலுத்திய இலையே மஞ்சளானால் அதை நோய் என்று எழுதக் கூடாது. வெறும் பாக்டீரியாவுக்கே அந்த இலை மஞ்சளாகும். அந்த இலையை எடுத்து, டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை செய்தாலும் வைரஸ் இருப்பதாக எப்போதும் பட்டை வரும். பாக்டீரியாவுக்குள் நீங்கள் வைத்த டி.என்.ஏ.வையே அது காட்டுகிறது. மேலே புதிதாக வந்த இலையில் எடுங்கள். கூடவே பிளாஸ்மிடில் உள்ள கானமைசின் எதிர்ப்பு மரபணுவுக்கும் ஒரு பி.சி.ஆர். போட்டு, அது வரவில்லை என்று காட்டுங்கள். வெற்றுப் பிளாஸ்மிட் ஏற்றிய செடிகள், ஏ வளையம் மட்டும் ஏற்றிய செடிகள், எதுவும் ஏற்றாத செடிகள் ஆகிய மூன்றும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 12 செடியில் 9 என்பதுபோல எண்ணிக்கையாக எழுதுங்கள். நோய் வந்தது என்ற ஒற்றை வரிக்கு மதிப்பில்லை.

வெப்பநிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இந்தச் சோதனையைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வைச் செடிக்குள் கடத்தும் அமைப்பு 28 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். வைரஸ் உள்ளே போன பிறகும் சிக்கல் தீராது. மேலே சொன்ன வெட்டி அழிக்கும் எதிர்ப்பு சூடு கூடக்கூட வலுக்கும். மரவள்ளி வைரஸ்களை 25 டிகிரியிலும் 30 டிகிரியிலும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான ஆய்வில், 30 டிகிரியில் வெட்டுத் துண்டுகள் அதிகமாகி, அறிகுறியும் வைரஸ் அளவும் குறைந்தன. ஏ.சி. நின்றுபோய் அறை 32 டிகிரிக்கு ஏறிய வாரத்தில் செடிகள் தேறிவிட்டால், அதை எதிர்ப்பு மரபணுவின் வெற்றி என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. 500 ரூபாய்க்குள் கிடைக்கும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பமானி ஒன்றைச் செடிகளுக்கு நடுவே தொங்கவிட்டு, தினமும் குறித்துவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

சரி, இத்தனையும் ஒழுங்காக நடந்து, ஒரு புதிய மரபணுவோ மருந்தோ பெந்தாமியானாவில் தேமலைத் தடுத்தது என்று வைத்துக்கொள்வோம். விவசாயிக்கு அதனால் இன்றைக்கு என்ன? ஒன்றுமில்லை என்பதே நேர்மையான பதில். தடுக்க முடிகிற ஒன்று என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தச் செடியில் வைரஸை ஏற்றுவது சிரிஞ்சு. வயலில் ஏற்றுவது வெள்ளை ஈயும் கரணையும். இது 2 மாதச் செடி. மரவள்ளி 10 மாதம் நிற்கும், அதன் வைரஸ் கரணை வழியாக அடுத்த பட்டத்துக்கும் போகும்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். ஆப்பிரிக்க மரவள்ளி வகைகளில் சி.எம்.டி.2 என்ற வலுவான எதிர்ப்பு உண்டு. அது டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியின் ஒரு பகுதிக்கான மரபணுவில் நேர்ந்த மாற்றம் என்று 2022-இல் தெரியவந்தது. மரவள்ளியின் சொந்தச் சரக்கு அது. மரவள்ளி வகைகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், பெந்தாமியானாவை மட்டும் எத்தனை ஆண்டு துருவியிருந்தாலும் அது கிடைத்திருக்காது. ஆகவே கடைசிச் சோதனை மரவள்ளியில்தான் நடக்க வேண்டும். தேமல் முற்றிய குச்சியைச் சோதிக்கும் வகையின் மேல் ஒட்டுக் கட்டிப் பார்ப்பது இருப்பதிலேயே கடுமையான பரீட்சை. ஒட்டு வழியாக வைரஸ் நேரே சாற்றோட்டத்தில் இறங்கும். அதில் தாங்கிய வகையை வெள்ளை ஈ மிகுந்த இடத்தில் இரண்டு மூன்று பட்டம் வயலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பட்டத்திலும் அதே செடியின் கரணையையே மறுபடி நட வேண்டும். உளுந்தின் மஞ்சள் தேமலுக்கு இந்தச் சுற்று இன்னும் சுருக்கம். முளைகட்டிய உளுந்தின் தோலை நீக்கி, முளைக்கு அருகே ஊசியால் குத்தி, அக்ரோபாக்டீரியம் கல்ச்சரில் இரவு முழுக்க ஊறவைத்து நட்டால் உளுந்திலேயே நோய் வந்துவிடுகிறது. அங்கே பெந்தாமியானாவை நடுவில் இழுப்பது பல நேரம் தேவையே இல்லை.

இனி இப்படிப்பட்ட செய்தி வரும்போது தங்கள் நிருபர்கள் ஆய்வாளரிடம் கேட்க வேண்டியவை சில. சோதனை நடந்தது எந்தச் செடியில்? வைரஸ் சிரிஞ்சால் ஏறியதா, ஈயால் ஏறியதா? மரவள்ளிக்குத் திரும்பிக் கொண்டுபோய்ப் பார்த்தார்களா? மூன்றாவது கேள்விக்கு இன்னும் இல்லை என்று பதில் வந்தால் செய்தியைப் போடாமல் விட வேண்டியதில்லை. அந்தப் பதிலைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

வரப்பில் புகையிலை பற்றிய மறுப்பைத் தாங்கள் வெளியிடுவதானால், கூடவே இதையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். தளிர்த்த முதல் இலையிலிருந்தே தேமல் இருந்தால் நோய் கரணையிலேயே வந்தது. அடி இலைகள் சுத்தமாக இருந்து, மேல் இலைகளில் மட்டும் தேமல் தெரிந்தால் இந்தப் பட்டத்தில் வெள்ளை ஈ கொண்டுவந்தது. முதல் வகைச் செடிகளை முதல் மாதத்துக்குள் வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். இரண்டாம் வகை கிழங்கு கொடுக்கும், ஆனால் அதிலிருந்து கரணை வெட்டக் கூடாது. அடுத்த பட்டத்துக்கான குச்சிகளை, தேமல் சிறிதும் இல்லாத செடிகளாகப் பார்த்து, இலை பசுமையாக இருக்கும்போதே சாயம் பூசியோ துணி கட்டியோ அடையாளம் வைத்துவிடுங்கள். அறுவடை நேரத்தில் இலை உதிர்ந்து, குச்சி மட்டும் நிற்கும்போது எது நோயுற்றது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இப்படிக்கு,
தாவர வைரஸ் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் சிலர்,
சேலம் மாவட்டம்